பந்தியில் இடம் பெறும் உணவு



கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்று திருப்புலி நாடு. அம்மலை மக்களின் உணவை முன்னிட்டு உலகம் இன்று ஆராயும் வினா ஒன்றை எண்ணிப் பார்ப்பது இவ்வுரையின் நோக்கம். ஆடு, மாடு, கோழி ஆகியவற்றின் ஊனுக்கு மாற்றாகப் பூச்சிகளையும், பயறுகளைக் கொண்டு ஊன்போல் ஆக்கிய பண்டங்களையும் மக்கள் விரும்பி உண்பரோ என்பதே அவ்வினா. மாட்டின் எடை ஒரு கிலோ கூடுவதற்குச் சுமார் 8 கிலோ தீனி வேண்டும். அதே அளவு பூச்சிக்கு 2 கிலோ போதும் என ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கணக்கு தெளிவானது. ஆயினும் கணக்கைப் பார்த்து எவரும் இலைமுன் அமர்வதில்லை. ஓர் உணவை யார், யாருக்கு, எத்தகைய மதிப்போடு பரிமாறுகின்றனர் என்பதைப் பொறுத்தே மக்கள் அதனை ஏற்கின்றனர். தமிழரின் உணவு வரலாறு இதற்குப் போதிய சான்று தருகிறது.

பாரி மறைந்தபின் அவனுடைய பறம்பு நாட்டின் பழைய வளத்தை நினைந்து கபிலர் பாடியது புறநானூற்றின் 119ஆம் பாட்டு. மழைக்காலத்தில் செம்புற்றிலிருந்து வெளிப்படும் ஈயலை மோரோடு சேர்த்துச் சமைத்த புளிப்புணவு அதில் வளத்தின் அடையாளமாக இடம்பெறுகிறது. அகநானூற்றின் 394ஆம் பாட்டில் வரகரிசியும் ஆட்டுத் தயிரும் ஈயலும் கூட்டி ஆக்கிய சுடுசோறு, வெண்ணெய் உருகும் நிலையில், தலைவனுக்கும் அவனுடன் வரும் இளையர்க்கும் உரிய விருந்தாகிறது. ஈயல் என்பது இன்றைய ஈசலே. பஞ்சகாலத்து உணவாக அன்று, விருந்தாகவே புலவர் அதனைக் காட்டினர் என்பது நோக்கத்தக்கது.

அவ்வீசல் பின்னாளில் பந்தியை விட்டு இறங்கியது. முதல் மழைக்குப் பின் விளக்கொளியில் ஈசல் பிடித்து, இறகு போக்கி, அரிசியோடு வறுத்துத் தின்னும் வழக்கம் சிற்றூர்களில் தொடர்ந்தபோதும், அதனைப் பிறர்முன் கூறக் கூசும் நிலை தோன்றியது. சுவை மாறவில்லை, சத்தும் குறையவில்லை. ஏழையின் தீனி என்னும் பெயரே அதனைத் தாழ்த்திற்று. இறாலும் நண்டும் ஈசலைப் போலவே கணுக்காலிகள். அவற்றை விலை கொடுத்து வாங்கி விருந்து வைப்போர் ஈசலைக் கண்டு முகம் சுளிப்பதற்கு உயிரியலில் விளக்கம் இல்லை. ஒவ்வாமையில் மட்டும் இவற்றின் உறவு வெளிப்படுகிறது: இறால் ஒவ்வாதார் சிலர்க்குப் பூச்சியுணவும் ஒவ்வாது போகலாம்.

மேலைநாட்டவர் இப்போது அவ்வழி திரும்பியுள்ளனர். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் மஞ்சள் மாவுப்புழுவை உணவாக விற்க இசைவு அளித்தது. சிங்கப்பூர் 2024இல் பதினாறு வகைப் பூச்சிகளுக்கு இசைவு தந்தது. இவற்றினும் நமக்கு நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. ஒடிசாவின் மயூர்பஞ்ச் பகுதிப் பழங்குடி மக்கள் செவ்வெறும்பைக் கொண்டு அரைக்கும் சிமிலிபால் காய்ச் சட்டினிக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மக்கள் பெயராலும் மண்ணின் பெயராலும் அவ்வுணவுக்கு மதிப்பு வந்தது.

கொல்லிமலையின் சாமையும் தினையும் இத்தகைய வரலாற்றையே உடையன. முருகனுக்குத் தேனும் தினைமாவும் படைத்த நாட்டில் தினைச்சோறு எளியவர் சோறாயிற்று. சேலம், நாமக்கல் பகுதிகளின் சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலைமேல் பரவியது. அது கையில் பணம் தந்தது. நியாயவிலைக் கடை அரிசி வயிற்றை நிறைத்தது. சாமையின் உமியோ எளிதில் நீங்காது. உரலும் உலக்கையுமாகப் பெண்கள் நெடுநேரம் இடித்தாலன்றி அரிசி கிடைக்காது. அவ்வுழைப்பை மறந்துவிட்டு, மலைமக்கள் பழமையைக் கைவிட்டனர் என்று பழித்தல் அறமாகாது.

1990களிலிருந்து இம்மலையில் பணியாற்றிவரும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதனை உணர்ந்து செயற்பட்டது. விதைகளைக் காத்ததோடு, உமி நீக்கும் எந்திரங்களை ஊர்களில் அமைத்து மகளிர் குழுக்களின் பொறுப்பில் விட்டது. இந்திய அரசு 2018ஐயும், ஐக்கிய நாடுகள் அவை 2023ஐயும் சிறுதானிய ஆண்டுகளாக அறிவித்தன. நூறு கிராம் தினையில் ஏறத்தாழ 12 கிராம் புரதம் உண்டு. தீட்டிய அரிசியில் 7 கிராம் அளவே உண்டு. தானியத்தில் குறையும் லைசினைப் பயறு நிறைவு செய்யும்; பயற்றில் குறையும் மெத்தியோனினைத் தானியம் தரும். தானியமும் பயறும் கூடி உண்ணும் பழைய முறையே ஒரு நிறைவான மாற்றுப் புரதம் எனலாம்.

புதிய பண்டம் ஒன்று தமிழர் அடுக்களையில் நுழைந்த வழியும் அறியத்தக்கது. எண்ணெய் நீக்கிய சோயா மாவில் ஆக்கிய உருண்டைகள் ‘மீல்மேக்கர்’ என்னும் பெயரோடு வந்தன. அவற்றின் எடையில் ஏறத்தாழச் சரிபாதி புரதம். அதனைக் கருதி வாங்கினோர் சிலரே. குருமாவிலும் பிரியாணியிலும் வழக்கமான மசாலாவோடு அவை கலந்தமையால் இல்லந்தோறும் இடம்பெற்றன. முட்டையின் கதை இன்னும் தெளிவானது. கொல்லிமலையின் அடிவாரத்து நாமக்கல், முட்டைக்குப் பெயர் பெற்றது. தமிழகச் சத்துணவில் 1989இல் இரு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய முட்டை, 2010இல் வாரத்துக்கு ஐந்தாக உயர்ந்தது. உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. எவரையும் வற்புறுத்தாமல், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் அமர்த்திப் பரிமாறியதால் அவ்வுணவில் தாழ்வு ஒட்டவில்லை.

திருப்புலி நாட்டுக்கு இதனால் விளங்குவது யாது? சாமையும் தினையும் நகரத்துக் கடையில் அழகிய பொட்டலமாகி, விளைவித்த மலைவீட்டில் இல்லாது போகுமாயின், அதனை ஏற்பு என்று கொள்ள இயலாது. விதையைத் தெரிந்து எடுத்து வைக்கும் பெண்ணின் அறிவு, அடுத்த தலைமுறை விதைக்காவிடில் அவளோடு முடிந்துவிடும். ஆகவே உமி நீக்கும் எந்திரம் அருகில் வேண்டும். விலையில் உரிய பங்கு விளைவித்தவர்க்குச் சேர வேண்டும். மலைப்பள்ளியின் சத்துணவுத் தட்டில் அம்மலையின் தானியமும் பயறும் இடம்பெற வேண்டும். பூச்சியுணவாயினும், ஆய்வுக்கூடத்து ஊனாயினும், நாளை வரும் எப்பண்டத்துக்கும் இவ்வழியே பொருந்தும். உண்பவன் அதனைத் தன் விருந்தினர்க்குக் கூச்சமின்றிப் பரிமாறும் நாளே அவ்வுணவு ஊராரின் உணவாகும்.