தானே அணையும் கணினி

மாத்தளை மாவட்டத்து யட்டவத்தவில் ஒரு மாலை வேளை. மாணவி ஒருத்தி பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். மறுநாளே இறுதிநாள். திடீரெனத் திரை இருண்டுவிடுகிறது. கணினி பழுதாகிவிட்டது, இனிப் புதியதுதான் வாங்கவேண்டும் என்று வீட்டார் கவலை கொள்கின்றனர். நாடி பாராமல் வைத்தியர் மருந்து கொடுப்பதில்லை. இயந்திரத்துக்கும் அம்முறையே பொருந்தும்.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அவ்வேளையில் வீட்டு விளக்கும் மங்கியதா? ஆம் எனில் குறை வெளியே இருக்கின்றது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறினால் இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியதை நேயர்கள் அறிவர். அத்துணைப் பெரிய தடை வேண்டுவதில்லை. 230 வோல்ற்று மின்சாரம் ஒரு விநாடியின் அறுபதில் ஒரு பங்கு நேரத்துக்குமேல் நின்றாலே பல கணினிகள் அணைந்துவிடக்கூடும். இதற்குப் பரிகாரம் யூ.பி.எஸ். கருவியாகும். அதன் மின்கலமும் சில ஆண்டுகளில் வலுவிழக்கும் என்பதை மறத்தலாகாது.

விளக்கு மங்கவில்லையாயின், சுவரிலும் பெட்டியிலும் செருகிய மின்கம்பி தளர்ந்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். அதுவும் சரியாயின் அடுத்த சந்தேகம் உஷ்ணம். கணினி சிறிது நேரம் இயங்கி அணைந்து, உடனே மீண்டும் இயக்கியபோது முன்னிலும் விரைவில் அணையுமாயின், உஷ்ணமே பெரும்பாலும் காரணம். கணினியின் மூளையாகிய சில்லு அளவுக்கு மீறிச் சூடேறும்போது, தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டு இயக்கத்தை நிறுத்திவிடும். மின்விசிறியில் தூசி அடைத்திருப்பதும், பெட்டி சுவரோடு ஒட்டியிருப்பதும் இதற்கு வழிகோலுவன.

உஷ்ணமும் இல்லையெனில், மின்சாரத்தை மாற்றித்தரும் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். பெரிய வேலை தொடங்கிய கணத்திலேயே கணினி அணைவது இதன் அறிகுறிகளுள் ஒன்று. இப்பெட்டியைத் திறத்தல் ஆபத்து. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும். நல்ல நிலையிலுள்ள வேறொன்றைப் பொருத்திச் சோதிப்பதே தகுந்த வழி.

விண்டோஸ் தன் பதிவேட்டில் 41 என்னும் எண்ணைக் குறித்திருப்பின், கணினி முறையாக மூடப்படவில்லை என்பதே அதன் பொருள். காரணத்தை அவ்வெண் கூறாது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடி முழங்கும் இந்நாட்டில், இடி நெருங்குமுன்னரே மின்கம்பியையும் இணையக் கம்பியையும் கழற்றிவைத்தல் நலம்.

யட்டவத்த வீட்டில் விளக்கு மங்கவில்லை. மீண்டும் இயக்கிய கணினியோ முன்னிலும் விரைவில் அணைந்தது. மின்கம்பியைக் கழற்றி, பெட்டி ஆறிய பின் திறந்தார்கள். விசிறியைச் சுழலாது பிடித்து, மென்மையான தூரிகையால் தூசியை நீக்கினார்கள். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார்கள். புதிய கணினி தேவைப்படவில்லை. அன்றிரவே விண்ணப்பம் சென்றது. பக்கத்துக்குப் பக்கம் சேமித்துவைக்கும் வழக்கமும் அன்றே அம்மாணவிக்கு ஏற்பட்டது.