காலெடுப்பு

கரமனையில் நாம் குடியிருக்கும் தெருவில் பத்து வயதுப் பையன் ஒருவன் சென்ற மழைக்காலத்தில் களரி பயிலச் சேர்ந்தான். வாளும் கேடயமும் ஏந்த வேண்டுமென்பது அவன் ஆவல். மூன்று மாதம் சென்றும் காலை வீசுவதன்றி வேறெதுவும் அவனுக்குக் கற்பிக்கப்படவில்லை. "ஒரு குச்சியைக்கூடக் கையில் தரவில்லை, அண்ணா! நிறுத்திவிடலாமா?" என்று அவன் தாயார் நம்மிடம் கேட்டார். நமக்கும் அது நியாயமாகவே பட்டது. எனினும், தேர்ந்தவர்கள் பயில்வதைப் பார்த்தபின் முடிவு செய்வோமென்று, ஒரு விடியற்காலையில் மூவருமாகக் கிழக்கே கோட்டைக்குப் போனோம்.

அங்குள்ள சி. வி. என். களரி, 1956-இல் கோவிந்தன்குட்டி நாயர் நிறுவியது. தரைமட்டத்திற்குக் கீழே அமைந்த மண்தளம்; 42 அடி நீளம், 21 அடி அகலம் என்பது மரபு. தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறை. அதனை வணங்கியபின் பயிற்சி தொடங்கிற்று. வாளில் தேர்ந்தவர்களும் புதிதாய்ச் சேர்ந்த சிறுவர்களும் ஒரே வரிசையில் நின்று நேர்க்கால், வீதுகால், கோண்கால், இருத்திக்கால் என்று வீசினர். பெயர்கள் நமக்கும் எளிதில் விளங்குவனவே!

மெய்த்தாரி, கோல்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை என்பது கல்வியின் வரிசை. பன்னிரண்டு சாண் கோலும் முச்சாண் கோலும் பழகியபின்னரே இரும்பு கைக்கு வரும். வெறுங்கை முதலிலன்றோ வரவேண்டும் என்று நாம் எண்ணினோம். அது ஆயுதம் ஏந்தியவனை ஆயுதமின்றி எதிர்ப்பது; ஆதலால் இறுதியில் வைத்தனர். குமரி மாவட்டத்து அடிமுறையிலும் சுவடு முதலில், வர்மம் பின்னர்.

சிறிது நேரத்தில் இருவர் வாளெடுத்தனர். தாழ்ந்து பதுங்கினர், துள்ளினர், திரும்பினர். கூர்ந்து நோக்கினால், சற்றுமுன் வெறுங்காலால் வீசிய அதே அசைவுகள்! மெய்த்தாரியில் குருக்கள் வாய்த்தாரி சொல்லச் சொல்லப் பழகிய உடம்பு, இங்கே சொல்லாமலே திரும்புகிறது. வாள் முகத்தெதிரே வரும்போது காலை எங்கே ஊன்றுவது என்று யோசித்தால் கண் போய்விடும். தாயார் பையனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் சாலைக் கடைத்தெருவில் அவர் நல்லெண்ணெய் வாங்கினார். பயிற்சிக்குமுன் உடம்பில் தேய்ப்பதற்காம். பையனுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "வாள் எப்போது, மாமா?" என்று கிள்ளிப்பாலம் வரையில் நம்மைக் கேட்டுக்கொண்டே வந்தான்.