இதயத்தைக் காட்டும் எக்கோ



காப்பித் தோட்டச் சரிவில் மூச்சு வாங்கினால் குளிரின் மீதும் வயதின் மீதும் பழி போடுவது நம் ஏற்காட்டு வழக்கம். ஈ.சி.ஜி. சரியென்றதும் வீடு திரும்பிவிடுகிறோம். அது இதயத்தின் மின்னோட்டத்தையே பதிவு செய்கிறது. வால்வு கசிகிறதா, தசை எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது என்பதை நேரில் காட்டுவது எக்கோ. 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் இருவரும் தொடங்கி வைத்த சோதனை இது. வெறும் ஒலியலைதான், கதிர்வீச்சு இல்லை. கருவுற்ற பெண்களுக்கும் செய்யலாம். சிறுவயதில் கவனியாது விட்ட தொண்டை அழற்சி வால்வைக் கெடுத்திருப்பது, சிலருக்குக் கருவுற்ற பின்னரே தெரியவருகிறது.

சேலம் இறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒருநாள் கூலி இழப்பு. தள்ளிப்போடுவதன் காரணம் நாம் அறியாததன்று. மருத்துவர் எழுதிய சீட்டு எவர் வீட்டு அலமாரியிலேனும் கிடந்தால் ஜமாஅத் அலுவலகத்தில் தெரிவியுங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு நாங்கள் உடன் வருகிறோம்.