போர்வீரர்க்குப் போர்வை
(நம் சங்கத்து மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தையல் வேலையைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் பேச வந்தமை உங்களுட் சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். ஊசியில் நூல் கோக்கவும் மூக்குக் கண்ணாடியைத் தேடும் பருவத்தினன் யான். எனினும், பேகன் என்னும் வள்ளல் மயிலுக்குப் போர்வை ஈந்த வரலாற்றை 20 ஆண்டுகளாக மாணாக்கர்க்கு உரைத்து வரும் எனக்கு, மனிதர்க்குப் போர்வை ஈயும் மாதர் சிலரைப் பற்றி அறிந்தபின் வாளாவிருக்க மனம் இசைந்திலது. அம்மாதர் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்தவர்.

2003-ஆம் ஆண்டில், டெலவேர் மாகாணத்துக் காதரின் ராபர்ட்ஸ் என்னும் அம்மையாரின் மகன் ஈராக் போர்முனையில் இருந்தான். அக்காலத்து அவ்வம்மையார் ஒரு கனவு கண்டார். நள்ளிரவில் இளைஞன் ஒருவன் உறக்கமின்றிக் கட்டிலின் ஓரத்திற் குறுகி அமர்ந்திருக்கின்றான். துயரம் அவனை அழுத்துகின்றது. பின்னர் அவனே ஒட்டுத்துணிப் போர்வையொன்றைப் போர்த்தவனாய்த் தெளிந்த முகத்துடன் காணப்படுகின்றான். கனவு இவ்வளவே. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே, வாஷிங்டன் நகரத்து வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில், ஈராக்கிற் காலிழந்த இளம் வீரன் ஒருவனுக்கு முதற் போர்வை அளிக்கப்பெற்றது. 'குவில்ட்ஸ் ஆப் வேலர்' எனப் பெயர்பெற்ற அவ்வறம் இதுகாறும் 3 இலட்சத்திற்கு மேற்பட்ட போர்வைகளை வழங்கியுள்ளது. வியட்நாம் போரினின்று 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நல்வரவு கூறுவாரின்றி ஊர் திரும்பியவர் பலரும், நரைத்த தலையுடன் இதனைப் பெற்றிருக்கின்றனர்.

நிற்க. துண்டுகளை இணைத்து முகப்பை அழகுசெய்வதே வேலை முழுதும் எனப் பலர் எண்ணுவர்; அது பாதியே. மேலே துண்டுகளாலாகிய துணி, நடுவே பஞ்சுப் படலம், கீழே அடித்துணி என்னும் மூன்றடுக்கினையும் சேர்த்துத் தைத்தல் வேண்டும். ஆங்காங்கு நூலால் முடிந்து விடுதலை இவ்வறத்தினர் ஏற்பதில்லை. தையல் நெருங்காவிடின், சில சலவைக்குள் பஞ்சு ஒருபுறம் திரண்டு மறுபுறம் வெறுமையாகி விடுமன்றோ? அதன்பின் விளிம்பு. அவர்கள் விரும்பும் அளவு அகலம் 60 அங்குலம், நீளம் 80 அங்குலம். நாற்புறமும் சுற்றிவரின் 280 அங்குலம், ஏறக்குறைய 8 கஜம். இரண்டரை அங்குல அகலமுள்ள பட்டையை இரண்டாக மடித்து, முகப்பில் இயந்திரத்தால் தைத்துப் பின்புறம் திருப்பி, அங்கே கையாற் சிறு சிறு தையலிட்டு முடிப்பவர் பலர். அத்தையல் வெளியே தெரிதலாகாது. மூலைகள் நான்கும் செம்மையாக மடிதல் வேண்டும். மாலைப் பொழுதுகள் பலவற்றை இஃது உண்டுவிடும். உறங்குவான் கை பற்றி இழுப்பது விளிம்பையே ஆதலின் முதலில் தேய்வதும் அதுவே; இரட்டை மடிப்பின் காரணம் இதுதான்.

பின்னர்ச் சலவை. சிவப்புத் துண்டின் சாயம் வெண்டுண்டிற் பரவுமாயின் பட்ட பாடெல்லாம் வீண். நன்றாகத் துவைத்து உலர்ந்த போர்வையோ, தையல்தோறும் சற்றே சுருங்கி, பல்லாண்டு புழங்கியதுபோல் மென்மை எய்தும். இறுதியாகப் பின்புறத்து ஒரு சிறு துணிச்சீட்டு: தைத்தவர் பெயர், ஊர், பெறுவோன் பெயர். சங்கச் செய்யுட்களுட் பல இன்று பாடினோர் பெயரறியாது நிற்கின்றன. ஏட்டின் மூலையில் இத்தகைய சீட்டொன்று இருந்திருப்பின் எத்துணை நலம்!

போரில் வீழ்ந்தானுக்கு நம் முன்னோர் நடுகல் நாட்டினர். புண்பட்டுக் கிடந்த வீரரை வாடைக்காற்று வீசும் நள்ளிரவிற் பாண்டியன் சென்று கண்டதை நெடுநல்வாடை காட்டுகின்றது. நாம் செய்வது யாது? ஈராண்டுகட்கு முன், படையிற் பல்லாண்டு பணிபுரிந்து மீண்ட நம் பெரியவர் ஒருவர்க்கு ஆண்டு விழாவிற் பொன்னாடை போர்த்திக் கைதட்டினோம். பின்னொருநாள் அவர் இல்லம் சென்றேன். ஆடை அட்டைப் பெட்டியில் மடிப்புக் குலையாது இருந்தது. "வாத்தியாரையா, பனிமலைக் காவலில் நின்ற முழங்கால் இது, இரவில் வலிக்கும்போது இந்தச் சரிகையையா போர்த்திக்கொள்வது?" என்று சிரித்தார். யானும் உடன் சிரித்தேன். ஆயினும் வழிநெடுக நாணினேன். அவ்வாடையைக் கடையிலே தேர்ந்து வாங்கியவன் யானே.

தாய்மார்களே, சாயம் போகாத நல்ல பருத்தித் துண்டுகளைத் துவைத்து, இத்திங்கள் முடிவிற்குள் மாதர் பகுதிச் செயலாளரிடம் சேர்ப்பியுங்கள். பட்டு வேண்டா. விளிம்புக்குரிய 8 கஜப் பட்டையைத் தைக்க என் மனைவி இசைந்துள்ளாள். சீட்டில் எழுத வேண்டிய பெயரை உங்களிற் பெரும்பாலோர் அறிவீர்கள். மார்கழிக்கு இன்னும் நான்கு திங்களே உள.