வரும்போதே அப்படித்தான் வருது



ஒரு பள்ளி நூலகரின் நினைவாக, அவரிடம் புத்தகம் வாங்கிப் படித்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஏற்படுத்திய அறக்கட்டளை இந்தக் கூட்டத்தை நடத்துகிறது. அழைப்பு வந்தபோது நூலகத்தைப் பற்றிப் பேசச் சொல்வார்கள் என்று நினைத்தேன். தேடுபொறியைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். வியப்பாகத்தான் இருந்தது. பிறகு தோன்றியது, அந்த நூலகர் செய்த வேலையைத்தானே இன்று ஒரு சின்னப் பெட்டி செய்கிறது. “என்ன வேணும்?” என்று கேட்கிறது, எடுத்துக் கொடுக்கிறது. எந்த அலமாரியிலிருந்து, எதை விட்டுவிட்டு எடுத்தது என்று நாம் கேட்பதில்லை.

போன வாரம் இங்கே கோவையில் மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு செல்பேசிக் கடைக்குப் போயிருந்தேன். புது போனை எடுத்துக் காட்டினார் கடைத் தம்பி. முகப்பிலேயே தேடல் பட்டை. “இதில் வேறு தேடுபொறி வைத்துக்கொள்ளலாமா தம்பி?” என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். “எதுக்குங்க? அது வரும்போதே அப்படித்தானுங்க வருது” என்றார்.

பொருளாதார வல்லுநர்கள் பல நூறு பக்கங்களில் எழுதியதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அதையே இந்த உரைக்குத் தலைப்பாக வைத்துக்கொண்டேன்.

ஒரு கேள்வி. இந்த அரங்கில் எத்தனை பேர் உங்கள் போனில் இருக்கும் தேடுபொறியை ஒருமுறையாவது மாற்றியிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். (சில கைகள் உயர்கின்றன.) நன்றி. மாற்றியபின் திரும்பப் பழையதற்கே போனவர்கள் கையை இறக்கலாம். (சிரிப்பு.)

சரி, வரும்போது அப்படி வரவைத்தது யார்? இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்த ஆணையில் அதற்குப் பதில் இருக்கிறது. போன் தயாரிக்கும் நிறுவனத்துக்குப் பிளே ஸ்டோர் வேண்டும். அது இல்லாத ஆண்ட்ராய்டு போனைக் கடையில் யாரும் தொடமாட்டார்கள். ஆனால் அப்போது பிளே ஸ்டோர் தனியாகக் கிடைக்கவில்லை. தேடல் செயலி, குரோம் உலாவி, யூடியூப் என்று ஒரு மூட்டையாகத்தான் கிடைத்தது. தேடல் பட்டை முகப்பில் இருக்க வேண்டும் என்பதும் அந்த மூட்டைக்குள் ஒரு நிபந்தனையாக இருந்தது. ரேஷன் கடையில் அரிசி கேட்டால் சோப்பையும் வாங்கு என்று தலையில் கட்டிய கதை பெரியவர்களுக்குத் தெரியும். இங்கே சோப்புக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. அதனால் நமக்கு உறைக்கவும் இல்லை.

இந்தப் புகாரைக் கொண்டுபோனவர்கள் பெரிய நிறுவனத்தார் யாரும் அல்லர். சட்டமும் போட்டிக் கொள்கையும் படித்த மூன்று இளைஞர்கள்.

அமெரிக்காவில் இதையே ரொக்கமாகச் செய்தார்கள். முதன்மைத் தேடுபொறியாக இருப்பதற்காக 2021ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் பிறருக்குக் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். ஆப்பிளுக்கு மட்டும் 2022இல் 2,000 கோடி டாலர். இவை வாஷிங்டன் நீதிமன்றத்தில் வெளிவந்த எண்கள். குஜராத்தின் பாட்டனில் பிறந்த நீதிபதி அமித் மேத்தா, 2024 ஆகஸ்ட் 5 அன்று, கூகுள் ஏகபோக நிறுவனம்தான், அதைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். எனக்கு ஒரு சின்னக் கணக்குதான் புரியவில்லை. எல்லாரும் விரும்பித்தான் வருகிறார்கள் என்றால், வருவதற்கு இவ்வளவு பணம் எதற்கு? கூட்டம் தானாக மொய்க்கும் அன்னபூர்ணா உணவகம், பேருந்து நடத்துநருக்குக் காசு கொடுத்து வண்டியைத் தன் வாசலில் நிறுத்தச் சொல்லுமா?

எதிர்வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கூகுள் நன்றாக இருக்கிறது, அதனால் மக்கள் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அது. தரத்தில் அதுதான் முன்னால் நிற்கிறது என்று மேத்தாவின் தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. 2021இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் கூகுளின் வழக்கறிஞர் ஒரு போடு போட்டார்: போட்டியாளரான பிங்கில் மக்கள் அதிகம் தேடும் சொல்லே ‘கூகுள்’தான் என்றார். படித்துவிட்டுச் சிரித்தேன். ஆனால் மேத்தாவின் தீர்ப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியில் வரும்போதே பிங்தான் வருகிறது. அங்கே சுமார் 80 விழுக்காடு தேடல் பிங்கிலேயே நடக்கிறது. ஊரெங்கும் பத்தில் ஒன்பது பங்கு கூகுளில் தேடும் அதே மக்கள்தான் இவர்கள். கையில் எது வருகிறதோ அதில் தேடுகிறோம். அப்புறம் அதையே நம் விருப்பம் என்று நம்புகிறோம். இரண்டு எண்ணும் உண்மை. மனிதன் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறான்.

நம் நாட்டில் அடுத்து நடந்தது இது. 2023 ஜனவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவுக்குத் தடை விதிக்க மறுத்தது. ஆறே நாளில், புது போனை முதன்முதலில் இயக்கும்போது தேடுபொறிகளின் பட்டியல் ஒன்று வரும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று கூகுள் அறிவித்தது. மார்ச் 29 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வைத்து, ஆணையத்தின் கட்டளைகளில் நான்கை மட்டும் நீக்கியது.

ஆக, பட்டியல் வந்துவிட்டது. தேர்வும் வந்துவிட்டதா?

இங்கேதான் நான் சொல்ல வந்தது தொடங்குகிறது. நம் பக்கத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது காடு பிரியும், கிணறு பிரியாது. கிணற்றில் முறை வைப்பார்கள். உனக்கு இத்தனை நாள், எனக்கு இத்தனை நாள். ஏன்? காட்டை அளந்து கல் நட்டுவிடலாம்; கிணறு வெட்டுவது ஒரு தலைமுறையின் உழைப்பு. பாறையை உடைத்து, மண் அள்ளி, ஊற்றுக் கண் திறக்கும்வரை கடன்.

தேடுபொறிக்கும் ஒரு கிணறு உண்டு. அதன் பெயர் சொல்லடைவு. இந்தச் சொல்லைத் தமிழாசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வ. அய். சுப்பிரமணியம் 1962இல் புறநானூற்றுக்குச் சொல்லடைவு வெளியிட்டார். அந்தப் பத்தாண்டின் கடைசியில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியத்துக்கே தனியாக ஒன்று கொண்டுவந்தது. எந்தச் சொல் எந்தப் பாட்டில் எந்த அடியில் வருகிறது என்ற பட்டியல். கூகுள் வைத்திருப்பதும் அதுதான், அளவு மட்டும் வேறு. 2020வாக்கில் அதில் சுமார் 40,000 கோடி ஆவணங்கள் இருந்ததாக அந்நிறுவனத்தின் துணைத்தலைவரே சாட்சி சொன்னார். நீங்கள் பெட்டியில் தட்டும்போது பொறி உலகமெல்லாம் ஓடிப்போய்த் தேடுவதாக நினைக்கிறோம். அது முன்பே எழுதி வைத்த அடைவைத்தான் புரட்டுகிறது.

இப்போது அந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். டக்டக்கோ என்ற பெயர் இருக்கும். அதன் வழக்கமான இணைப்புகளில் பெரும்பாலானவை பிங்கின் அடைவிலிருந்து வருபவை. யாகூ எடுப்பதும் பிங்கிலிருந்து. ஸ்டார்ட்பேஜ் கூகுளிலிருந்தும் எடுக்கிறது. குழாய்கள் பல நிறத்தில் இருக்கின்றன. ஆங்கிலத் தேடலில் பெரிய கிணறு இரண்டுதான். பிரேவ், மோஜீக் போன்ற சிலர் சொந்தமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட், தன் கிணற்றிலிருந்து சிறு நிறுவனங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பிங் தேடல் ஏபிஐ சேவையை மூடிவிட்டது. பெரிய தனி ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த கிணற்றுக்கு நடந்தார்கள்.

அதற்கு அடுத்த மாதம், 2025 செப்டம்பர் 2 அன்று, மேத்தா பரிகாரத் தீர்ப்பைச் சொன்னார். குரோமை விற்கச் சொல்லவில்லை. முதன்மை இடத்துக்குப் பணம் கொடுப்பதையும் அடியோடு நிறுத்தவில்லை. பிறரை விலக்கும் தனியுரிமை ஒப்பந்தம் மட்டும் கூடாது என்றார். பலர் ஏமாற்றம் அடைந்தார்கள். ஆனால் தகுதியுள்ள போட்டியாளர்களுக்கு அடைவுத் தரவில் ஒரு பகுதியையும் பயனர் தேடல் தரவில் ஒரு பகுதியையும் கொடு என்றும் அதில் இருக்கிறது. நம்மூர் மொழியில் சொன்னால், முறை வைத்திருக்கிறார். என் கணக்கில் பட்டியல் திரையைவிட இதுதான் பெரிய சங்கதி. நம் ஆணையத்தின் உத்தரவில் இப்படி ஒன்று இல்லை.

தேடுபவரின் பக்கம் இவ்வளவு. தேடப்படுபவரின் பக்கம் என்று ஒன்று உண்டு. இந்தியாவில் தேடுபொறி மீதான முதல் பெரிய போட்டிச் சட்ட வழக்கு சென்னையிலிருந்துதான் கிளம்பியது, அதுவும் கல்யாண விஷயத்தில். அப்போது பாரத் மேட்ரிமனியை நடத்திய கான்சிம் இன்ஃபோ நிறுவனம், தன் பெயரைத் தேடுபவர்களுக்குப் போட்டியாளர்களின் விளம்பரம் காட்டப்படுகிறது என்று முதலில் சென்னை உயர் நீதிமன்றம் போனது. ‘தமிழ்’, ‘மேட்ரிமனி’ எல்லாம் ஊருக்கே பொதுவான சொற்களாயிற்றே என்ற சிக்கல் அங்கே நடுவில் வந்து நின்றது. பிறகு 2012இல் போட்டி ஆணையத்திடம் போனார்கள். ஜெய்ப்பூரின் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் சேர்ந்துகொண்டது. 2018 பிப்ரவரி 8 அன்று 135.86 கோடி ரூபாய் அபராதம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், விளம்பரச் சொல் பற்றிய புகார் அதில் நிற்கவில்லை. நின்றவற்றில் ஒன்று: விமானப் பயணத்தைத் தேடினால் கூகுள் தன் சொந்த விமானப் பெட்டியைக் கண்ணில் படும் இடத்தில் வைத்தது என்பது. ஆறு உறுப்பினரில் இருவர் இதற்கு உடன்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து ஜாதகம் கொண்டுவரும் தரகர், தன் தங்கை மகள் ஜாதகத்தை எப்போதும் மேலே வைத்தால் நாம் கண்டுபிடித்துவிடுவோம். அவருடைய தங்கையை நமக்குத் தெரியும். பெட்டிக்குள் இருக்கும் தரகருக்கு எத்தனை தங்கைகள் என்று நமக்கு எப்படித் தெரியும்? மேட்டுப்பாளையம் சாலையின் இருபுறமும் மோட்டாரும் பம்பும் கிரைண்டரும் செய்கிற பட்டறைகள். ஐம்பது ஆண்டு வாய்ச்சொல்லில் பெயர் எடுத்தவர்கள். இன்று வெளியூர் வாடிக்கையாளருக்கு அவர்கள் முதல் பக்கத்தில் இல்லையென்றால் பட்டறையே இல்லை.

தமிழுக்கு வருகிறேன். ‘கிணறு’ என்று ஒருவர் எழுதுகிறார், ‘கிணற்றில்’ என்று ஒருவர், ‘கிணத்துக்குள்ளே’ என்று ஒருவர். மூன்றும் ஒரே சொல் என்று அடைவுக்குத் தெரிய வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க இலக்கணம் வேண்டும்; கோடிக்கணக்கானவர் தட்டிய தேடல்களும் வேண்டும். அந்தத் தேடல்கள் எங்கே குவிகின்றனவோ அங்கேதான் பொறி தமிழ் கற்கிறது. புதிதாக வருகிறவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். ஒருங்குறி வருவதற்குமுன் ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு எழுத்துருவில் வந்த காலம் நினைவிருக்கும். அந்தப் பக்கங்கள் பெரும்பாலும் தேடுபொறிக்குத் தமிழாகவே தெரியவில்லை.

நம்மவர்கள் முயலாமல் இல்லை. சந்தான் என்ற திட்டத்தில் ஐஐடி மும்பை தலைமையில் பல நிறுவனங்கள் சேர்ந்து, மத்திய அரசின் பணத்தில், தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குத் தேடுபொறி செய்தன. அது சுற்றுலாத் துறை என்ற ஒரு வேலிக்குள்ளேயே நின்றுவிட்டது. சோஹோ 2023இல் ‘உலா’ என்ற உலாவியைக் கொண்டுவந்தது. மத்திய அரசின் உலாவிப் போட்டியில் பரிசும் பெற்றது. மகிழ்ச்சி. ஆனால் உலாவி வண்டி. சந்தை வேறு.

முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்ட வேண்டிய சான்று இந்த ஊரிலேயே இருக்கிறது. இங்கே ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை வளர்த்த தி. சு. அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். அந்த மூன்றாண்டில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, தமிழ் வளர்ச்சிக் கழகம் வழியாகக் கலைக்களஞ்சிய வேலை. அதற்கு முதன்மை ஆசிரியராகப் போனவர் பெ. தூரன், இதே வித்யாலயப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள். தமிழில் அப்படி ஒன்று முன்மாதிரியாக இல்லாத காலம். கலைச்சொல்லையே உருவாக்கிக்கொண்டு எழுதினார்கள்.

இரண்டாவது, 1948இன் பொது நூலகச் சட்டம். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் பல ஆண்டு மன்றாடியதன் பலன். சொத்து வரியோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகை. இன்றும் நீங்கள் வீட்டு வரி ரசீதில் அதைக் கட்டுகிறீர்கள். நூல் தேடிப் போகிறவன் புரவலர் ஒருவரின் தயவை நம்பியிருக்கக் கூடாது என்பதற்காக ஊரே சேர்ந்து போட்ட காசு அது. புத்தகக் கடைகளை யாரும் மூடச் சொல்லவில்லை. ஹிக்கின்பாதம்ஸ் ஒரு பக்கம் நடந்தது, கிளை நூலகம் ஒரு பக்கம் திறந்தது. வாசகனுக்கு இரண்டு வாசல்.

ஐரோப்பாவில் எக்கோசியாவும் குவாண்ட்டும் சேர்ந்து தங்களுக்கென்று ஓர் அடைவு கட்டப்போவதாக 2024 நவம்பரில் அறிவித்தன. உலகம் முழுவதையும் தோண்டச் சொல்லி நான் தமிழ்நாட்டைக் கேட்கவில்லை. தமிழில் எழுதப்பட்டதற்கு மட்டும் ஒரு பொது அடைவு. அரசிதழ், பத்திரிகைத் தொகுப்பு, பல்கலைக்கழக ஆய்வேடு, விக்கிப்பீடியா, நூலகங்களின் மின்னாக்கம். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம், கூகுள் உட்பட. நூலக வரி மாதிரி ஒரு சிறு வரியில் முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியவர்கள் நிதித்துறையில் இருக்கிறார்கள். நான் கேட்பது அந்தக் கணக்கைப் போடுங்கள் என்பது மட்டும்.

கலைக்களஞ்சியத்தின் பழைய தொகுதிகளை இந்த உரைக்காகப் பார்க்க வேண்டியிருந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் அவை இருக்கின்றன. நேராக அங்கே போயிருக்கலாம். முகவரி எனக்குத் தெரியும், பல ஆண்டாகத் தெரியும். இருந்தாலும் கை தன்னால் போய் அந்தப் பெட்டியில்தான் தட்டியது.