வெயிலறிந்து கட்டுவோம்

(பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில் நம் பங்கு மக்களுக்கு ஆற்றிய உரை)



பொன்விழா மன்றம் ஒன்று எழுப்ப வேண்டும் என்பது நம் எல்லாருடைய ஆசை. காணிக்கை சேர்ந்து வருகிறது. வரைபடமும் வந்து, ஆலய முன்மண்டபத்தில் இரண்டு வாரமாகத் தொங்குகிறது. பார்த்தவர்கள் அனைவரும் பட்டணத்துக் கட்டடம் போல் இருக்கிறது என்று மகிழ்ந்தீர்கள். முகப்பெல்லாம் கண்ணாடி; தலைக்கு மேல் தட்டையான கான்கிரீட் தளம்; நான்கு புறமும் சிமெண்டுக் கல் பாவிய முற்றம். முற்றத்துக்கு இடம் வேண்டி மேற்கே நிற்கும் வேப்ப மரங்கள் மூன்றும் போகும். பழைய ஓட்டுச் சார்ப்பும் போகும். இந்த வரைபடத்தில் கையெழுத்து விழுமுன் நாம் உட்கார்ந்து பேச வேண்டியது சிறிது உண்டு.

நமது ஊரின் பெயரிலேயே கல் இருக்கிறது. திண்டு போல் கிடக்கும் அந்தக் கல்லின் அடியில் குடியிருக்கிறோம். சித்திரை மாதத்து மாலையில் மலைக்கோட்டை அடிவாரத் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும். பொழுது சாய்ந்த பின்னும் பாறை அனல் வீசிக்கொண்டே இருக்கும். பகலெல்லாம் குடித்த வெயிலை அது இரவில் கக்குகிறது. நம் வீட்டுக் கான்கிரீட் தளமும் செய்வது அதுவே. ஐந்து அங்குலத் தளத்தின் மேல் பட்ட சூடு மெதுவாகக் கீழிறங்கி, நாம் படுக்கப் போகும் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்கிறது. மின்விசிறியைச் சுழல விட்டால் அந்த அனலைத்தான் முகத்தில் இறைக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். திண்டுக்கல் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகையை ஒட்டி இருக்கிறது. ஆகவே ஏப்ரல் மாத நடுவிலும் ஆகஸ்ட் மாதக் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்பொழுது வெயில் தாக்குவது சுவரை அல்ல, கூரையை. மாலையிலோ மேற்குச் சுவரை. இந்த ஊரில் கட்டடம் கட்டுகிறவனுக்கு முதற் பாடம் கூரையும் மேற்குத் திசையும். நம் வரைபடத்தில் கண்ணாடி முகப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது? மேற்கை. கண்ணாடி, வெயிலுக்கு ஏங்கும் குளிர்நாட்டாருக்கு வரப்பிரசாதம். உள்ளே வந்த வெப்பத்தை அது வெளியே விடாது. பிறகு ஏ.சி. பெட்டி எட்டோ பத்தோ மாட்ட வேண்டும். ஏ.சி. சூட்டை அழிப்பதில்லை, ஐயா. நம் மன்றத்துச் சூட்டைத் தெருவுக்குத் தள்ளுகிறது. பின்புறத்துக் கீழத்தெருவில் ஏ.சி. உள்ள வீடு ஒன்றுகூட இல்லை. நாம் குளிர அவர்கள் வேக வேண்டுமா என்பதையும் நிதிக்குழுவினர் யோசிக்க வேண்டும்.

முன்னோர் என்ன செய்தார்கள் என்று காண வெகு தூரம் போக வேண்டாம். இன்று நம் மறைமாவட்டப் பேராலயமாக விளங்கும் புனித சூசையப்பர் ஆலயம் 1866க்கும் 1872க்கும் இடையில் எழும்பியது. அந்நாளில் மின்சாரம் ஏது? தடித்த சுவர், உயர்ந்த கூரை, சுண்ணாம்புச் சாந்து. சூடான காற்று மேலே ஏறிப்போக, சனங்கள் கீழே அமர்ந்து பூசை கண்டார்கள். பழைய மாடி வீடுகளிலும் அப்படியே. மர உத்தரங்களின் மேல் செங்கல்லை அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாட்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். தட்டத் தட்டத் தளம் இறுகும். இப்பொழுது அந்த வேலை அறிந்த கைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். (பழைய ஆலயச் சுவர்களுக்குச் சிமெண்டு பூசிப் புதுப்பிக்கும் ஆர்வம் சில ஊர்களில் தலைதூக்கியிருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டு அப்பினால் ஈரம் உள்ளே அடைபட்டு, சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. யூபிலி என்றாலே பூச்சு என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.)

அப்படியானால் சாமியார் எங்களை ஓலைக் குடிசைக்குத் திரும்பச் சொல்கிறாரா என்று பின்வரிசையில் சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. இல்லை. கோடை தோறும் குடிசை எரிந்து, ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றிதழும் சாம்பலாகி, தாயும் பிள்ளையும் தெருவில் நின்றதை நாம் பார்த்திருக்கிறோம். ஏழை கான்கிரீட் வீடு கேட்பது ஆடம்பரத்துக்கு அல்ல. தீப்பிடிக்காத கூரை, பூட்டு நிற்கும் கதவு, ஊரார் மதிப்பு ஆகிய மூன்றுக்கும் சேர்த்துக் கேட்கிறான். அதைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது. 2011இல் தமிழக அரசு சூரிய ஒளிப் பசுமை வீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. 300 சதுர அடி, ரூபாய் 1 இலட்சத்து 80 ஆயிரம், சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகள். நல்ல திட்டம். பலருக்கு வீடு கிடைத்தது. ஆனால் பசுமை என்ற பெயர் விளக்குக்குத்தான் பொருந்தியது. கூரை அதே கான்கிரீட். மே மாதத்தில் அதன் அடியில் கைக்குழந்தையைப் படுக்க வைத்த தாய்மாரைக் கேட்டால் தெரியும். குடிசையின் குளிர்ச்சியும் மாடியின் உறுதியும் ஒரே வீட்டில் கிடைக்க வழியுண்டா என்பதே நம் கேள்வி.

வழி உண்டென்று காட்டியவர் ஒருவர் பக்கத்துக் கேரளத்தில் வாழ்ந்தார். லாரி பேக்கர் என்னும் ஆங்கிலேயர், குவேக்கர் சபையைச் சேர்ந்தவர், 1917இல் பிறந்தவர். சீனாவிலிருந்து தாய்நாடு திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். கட்டும் இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்டவேண்டும் என்பது காந்தியடிகளின் எண்ணம். அது பேக்கரின் உள்ளத்தில் ஊன்றியது. மருத்துவரான மலையாளப் பெண்மணியை மணந்து இமயமலைப் பக்கத்தில் பல்லாண்டு தொண்டாற்றி, பின்பு திருவனந்தபுரத்தில் குடியேறி 2007இல் இறக்கும்வரை கட்டிக்கொண்டே இருந்தார். அங்கே லயோலா பள்ளி வளாகத்துச் சிற்றாலயம் அவர் கைவேலை. பூச்சில்லாத செங்கற் சுவர், கல் விட்டுக் கல் வைத்த துளைச் சுவர், அதன் வழியே சல்லடையில் சலித்தது போல வெளிச்சமும் காற்றும்.

அவருடைய முறைகளில் இரண்டை மட்டும் நம் கொத்தனார்மார் கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாவது, எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவில் அடைபட்ட காற்று வெயிலைத் தடுத்து நிறுத்தும். இரண்டாவது, ஓடு வைத்த தளம். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதி கம்பியைப் பிடித்துக்கொள்வதைத் தவிர அதிகம் பாரம் சுமப்பதில்லை. ஆகவே கம்பிகளுக்கு இடையே பழைய சீமை ஓடுகளை வைத்துக் கான்கிரீட் போட்டால் சிமெண்டும் குறையும், சூடும் குறையும். நம் சார்ப்பைப் பிரிக்கும் நாள் வந்தால் அந்த ஓடுகளை இரும்புக் கடைக்காரரிடம் தள்ளிவிட வேண்டாம்! சிமெண்டைக் குறைப்பது பணத்துக்காக மட்டுமல்ல. சுண்ணாம்புக் கல்லை 1450 பாகை வரை எரித்துத்தான் சிமெண்டு செய்கிறார்கள். எரிபொருளிலிருந்தும் கல்லிலிருந்துமாகக் கரியமில வாயு கிளம்புகிறது. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டினால் மட்டும் வருவது.

இனித் தண்ணீர். திண்டுக்கல்லில் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் கட்டடத்தைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சு. ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தை நம்பினோம். காவிரியிலிருந்தும் குழாய் வந்தது. ஆயினும் நம் தாய்மார்களின் குடம் இன்னும் வரிசையில் நிற்கிறது. நிலத்தடி நீரின் கதையோ வேறு. தோல் பதனிடும் தொழில் இவ்வூரில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது, மறுப்பதற்கில்லை. அதே தொழிலின் கழிவு மண்ணில் இறங்கிக் கிணறுகளை உப்பாக்கிற்று. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று விதித்து, நம் மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைகளையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. தீர்ப்பு வந்துவிட்டது, கிணறு இனிக்கவில்லை. மண்ணுக்குள் விட்டதைத் திரும்ப எடுப்பது அவ்வளவு கடினம்.

வானத்து நீர் மட்டும் இன்றும் சுத்தமாக வருகிறது. சிறு கணக்கு ஒன்று போடுவோம். மன்றத்தின் கூரை 6000 சதுர அடி. இப்பகுதியில் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அந்தக் கூரைமேல் விழுவது 4 இலட்சத்து 45 ஆயிரம் லிட்டர். சிந்தியது சிதறியது போக முக்கால் பங்கு பிடித்தாலும் 3 இலட்சத்து 30 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் லாரியில் 27 லாரித் தண்ணீர்! திருவிழாவுக்கு ஒரு லாரி வாங்க நாம் படும் பாடு பொருளாளருக்குத் தெரியும். 2003இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அந்த வேகத்தில் வைத்த குழாய்கள் இன்னும் சுவரில் தொங்குகின்றன. குழாய் முடியும் இடத்தில் குழி தூர்ந்துபோய் அதன்மேல் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஆகவே குழாய் போட்டால் மட்டும் போதாது. ஆண்டுதோறும் ஆடி மாதம் முடிவதற்குள் குழியைத் தூர் வாரும் பொறுப்பை ஓர் அன்பியம் ஏற்க வேண்டும்.

முற்றம் முழுதும் சிமெண்டுக் கல் பாவினால் இந்த நீர் எங்கே போகும்? ஐப்பசி அடைமழையில் கீழத்தெரு வீட்டுத் திண்ணைக்குப் போகும். நம் சுத்தமான முற்றம் அவர்களுக்குச் சேறாக வேண்டாம். ஊரமைப்பு என்பது பெரிய அதிகாரிகளின் அலுவலகத்தில் மட்டும் நடப்பதல்ல. ஒரு மதிலுக்கு உள்ளே நாம் செய்வது மதிலுக்கு வெளியே தெருவாகிறது. கோபாலசமுத்திரம் குளத்தை வெட்டியவர்கள் மழைக்கு ஓரிடம் ஒதுக்கி வைத்து ஊரைப் பார்த்தார்கள். தேர் சுற்றும் பாதைக்கும் பந்தல் இடத்துக்கும் மட்டும் கல் பாவுவோம். மீதியை மண்ணாக விடுவோம், பிள்ளைகள் விளையாடட்டும். பந்தி கை கழுவும் நீரை வாழைப்பாத்திக்குத் திருப்பலாம்.

2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில் வீடும் தெருவும் குடியிருப்பும் இடம்பெற்றிருக்கின்றன. பூமியின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் அவர் ஒன்றாகவே கேட்டார். அதற்கும் முன்பே, பதினாறாம் ஆசீர்வாதப்பர் காலத்தில், 2008இல், வத்திக்கானில் ஆறாம் பவுல் மண்டபத்தின் கூரையில் 2400 சூரிய ஒளித் தகடுகள் பொருத்தப்பட்டன. 1971இல் முடிந்த மண்டபம் அது. புதிதாக இடித்துக் கட்டவில்லை, இருந்த கூரையைப் பயன்படுத்தினார்கள். நம் கையிருப்புக்கு இப்போதைக்குத் தகடு எட்டாது. கூரையில் அதற்கு இடம் விட்டுவைப்போம். தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க ஆகும் செலவு பெரிதல்ல.

வேப்ப மரங்களைப் பற்றிச் சொல்லி நிறுத்துகிறோம். மேற்கு வெயிலைத் தாங்கி நிற்பவை அவை. வெட்டிவிட்டு அதே வெயிலுக்கு ஏ.சி. வைப்பது எவ்வகைக் கணக்கு என்று நமக்கு விளங்கவில்லை. மன்றத்தைக் கிழக்கே இருபது அடி தள்ளினால் மரங்கள் தப்பும். சைக்கிள் கொட்டகையை இடம் மாற்ற வேண்டிவரும், இருக்கைகளும் சில குறையலாம். எத்தனை குறையும் என்று ஊகத்தில் சண்டை போட வேண்டாம். வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பொறியாளர் வருகிறார். நம் பங்கில் கரண்டி பிடிக்கும் கொத்தனார்கள் அனைவரும், சித்தாள் வேலைக்குப் போகும் சகோதரிகளும் தவறாமல் நிற்க வேண்டும். கயிறும் சுண்ணாம்புப் பொடியும் கொண்டுவந்து, மரங்களை விட்டு ஒரு முறை, மரங்களைச் சேர்த்து ஒரு முறை கோடு போட்டு அளந்து பார்ப்போம். கையெழுத்து அதற்கு அடுத்த வாரம்.