சுவாமி இல்லாத 29 வருடம்



தோட்டவெளியில் மேடை ஏறுகிற எவரும் வேதசாட்சிகளின் இரத்தத்தில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நானும் அங்கேயே தொடங்குகிறேன். 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் ஆட்கள் இந்த மன்னார்த் தீவுக்கு வந்து வெட்டினார்கள். 600 பேர் என்பாரும் உண்டு, 700 என்பாரும் உண்டு. புனித பிரான்சிஸ் சவேரியார் தன்னால் வரமுடியாமல் அனுப்பிவைத்த ஒரு குருவின் கையால் ஞானஸ்நானம் பெற்ற சனங்கள். வேதத்தில் சேர்ந்து மாதக்கணக்குத்தான் ஆகியிருந்தது.

இதைச் சொன்னதும் உங்களுக்குப் புல்லரிக்கிறது, எனக்கும் புல்லரிக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். செத்தவர்கள் சாட்சி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த விசுவாசத்தை உங்கள் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தவர் யார்? அவர்களுக்கு எந்தத் திருநாள் எடுக்கிறோம்?

1658இல் புரட்டஸ்தாந்துக்காரரான ஒல்லாந்தர் மன்னார்க் கோட்டையைப் பிடித்தார்கள். அதே வருடம் யாழ்ப்பாணமும் விழுந்தது. கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டார்கள். சுவாமி ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தால் உயிர் போகும் என்று கட்டளை. கோயில்கள் அவர்களுடைய பள்ளிக்கூடங்களாயின. பிள்ளைகள் கட்டாயமாக அங்கே போகவேண்டும், அவர்களுடைய ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்யவேண்டும், போகாவிட்டால் பெற்றோருக்குத் தண்டம். 1687இல் யோசப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து வந்து சேரும்வரை இதுதான் நிலை. 29 வருடம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒல்லாந்தர் வந்த வருடம் பிறந்த ஒரு பெண்பிள்ளை, அடிகளார் வரும்போது நாலைந்து பிள்ளைகளுக்குத் தாய். பூசை என்றால் என்னவென்று அவள் கண்ணால் கண்டதில்லை. நன்மை எடுத்ததில்லை. அவளிடம் இருந்ததெல்லாம் தாயின் வாயால் கேட்ட பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் ஒரு செபமாலையும். பகலில் ஒல்லாந்தன் பள்ளியில் ஒரு வேதம், இரவில் படலையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் இன்னொரு வேதம். அடிகளார் கூலியாள் வேசத்தில், கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அந்த மாலையைப் பார்த்ததும் எந்த வீட்டுக் கண் மாறுகிறது என்று பார்க்கத்தான் அந்தப் பிச்சை. கண்கள் மாறின. அரசாங்கம், பள்ளிக்கூடம், சட்டம் மூன்றும் எதிராக நின்ற நாளில் விசுவாசத்தை வைத்திருந்தது வீடு.

இன்று என்ன குறை நமக்கு? 1981இலிருந்து மன்னாருக்கென்று தனி மறைமாவட்டம், ஆயர், பங்குக்குப் பங்கு குருமார், கன்னியர்மடங்கள், பாடப்புத்தகத்தோடு மறைக்கல்வி. எல்லாம் இருக்கிறது. அதனால்தான் வீடு கையைக் கழுவிவிட்டது. ஞாயிறு காலை பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, “ரீச்சர், இவனுக்குச் செபம் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் சொல்லிக்கொடுங்கோ” என்கிறார்கள். ஏனம்மா, உங்களுக்குத் தெரியாதா? வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஒரு மறையாசிரியை என்னத்தைக் கிழிப்பாள்?

அந்த ஒரு மணித்தியாலத்தையும் ரியூசன் தின்கிறது. புலமைப்பரிசில் வருடம் என்றால் மறைக்கல்வி இல்லை. சாதாரண தரம் என்றால் பூசையும் இல்லை. முதல் நன்மைக்கு மட்டும் எல்லாரும் சரியாக வந்துவிடுகிறார்கள். வெள்ளை உடுப்பு, வீடியோக்காரர், மண்டபம், கனடாவிலிருந்து மாமா அனுப்பிய காசில் மூன்றடுக்குக் கேக். அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையைத் தேடினால் ஆள் இல்லை.

தவக்காலத்தில் யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமி எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைக் கிழவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி இறக்கி இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் பேரன் போனில் விரலை ஓட்டிக்கொண்டிருப்பான். பேரனை ஏசுகிறோம். கிழவருக்கும் பேரனுக்கும் நடுவில் ஒரு தலைமுறை இருக்கவேண்டுமே, தகப்பன், அவன் எங்கே? அவன் அந்த இராகத்தைப் படிக்கவே இல்லை. அறுந்தது அவனிடத்தில்.

இன்னொரு விசயம். சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். பிள்ளைகளுக்குச் சங்கிலியைப் பேயாகவும் நம்மைப் பூவாகவும் காட்டிக் கதை சொல்கிறோம். அந்தப் பிள்ளை வளர்ந்து நல்லூர்ப் பக்கம் போனால் அதே பெயருக்குச் சிலை நிற்கிறது. கம்பஸ் போனால் நண்பன் கேட்கிறான்: போர்த்துக்கேயன் முத்துக்குளிப்புக்கும் கடலுக்கும் கண்வைத்திருந்த காலத்தில், அவனுடைய வேதத்தில் சேர்ந்தவனை அரசன் எப்படிப் பார்ப்பான்? சவேரியார் அந்த அரசனைத் தண்டிக்கப் போர்த்துக்கேயக் கவர்னரிடம் படை கேட்டது உண்மையா? உண்மைதான், கேட்டார், அவருடைய கடிதங்களிலேயே இருக்கிறது. படை எடுக்கும் ஏற்பாடு நடக்காமல் போனது வேறு கதை.

இதை நம் வாயால் கேட்காத பிள்ளை, முதல்முறை வெளியில் கேட்டதும் சவேரியாரோடு சேர்த்து ஆண்டவரையும் விட்டுவிடும். வீட்டிலேயே சொல்லுங்கள். கொன்றதற்கு அரசனுக்கு அரசியல் காரணம் இருந்தது, செத்த ஏழைச் சனத்துக்குப் படையும் இல்லை, கவர்னரும் இல்லை, வேதத்தை விட்டுவிடுகிறேன் என்ற ஒரு வார்த்தையால் பிழைத்திருக்கலாம், அந்த வார்த்தை வரவில்லை. இதைப் பதினாறு வயதுப் பிள்ளை விளங்கிக்கொள்ளும். பொய் தேவையில்லை.

அதே சவேரியார் முத்துக்குளித்துறையில் என்ன செய்தார் தெரியுமா? கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அவருக்கு நமது தமிழ் சரியாக வராது. மொழிபெயர்த்து வாங்கிய செபங்களை மனப்பாடம் செய்து சொன்னார். படித்ததை வீட்டில் தாய்க்கும் தகப்பனுக்கும் அயலுக்கும் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று அந்தப் பிள்ளைகளை அனுப்பினார். தமிழ் தட்டுத்தடுமாறிய அந்நியனுக்கே அது முடிந்தது. தாய்மொழி பேசுகிற நமக்கு முடியாதா? 1990இல் போருக்குப் பயந்து இந்த ஊர்களிலிருந்து படகேறித் தமிழ்நாட்டு மண்டபம் முகாமில் கிடந்த சனம், மடுவில் மரத்தடியில் தறப்பாளின் கீழ் கிடந்த சனம், இருட்டில் செபமாலை சொன்ன சனம்தானே நாங்கள்?

ஆகவே இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுக்கவேண்டும். ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிவரை இந்தப் பங்கில் எந்த ரியூசனுக்கும் நம் பிள்ளை போகாது. ரியூசன் நடத்துகிற மாஸ்டர்மாரிலும் பாதிப்பேர் நம் ஆட்கள்தான், இங்கேயும் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். இரண்டாவது, முதல் நன்மைக்குப் பெயர் கொடுக்கும்போது பிள்ளையை மட்டும் சோதிக்கவேண்டாம். தகப்பனையும் கூப்பிட்டு விசுவாச மந்திரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். சிரிக்கிறீர்கள். மதிலடியில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு இதைக் கேட்கிற தகப்பன்மாரும் சிரிக்கிறீர்கள். முன்வரிசையில் கதிரைகள் காலியாகத்தான் கிடக்கின்றன. வாருங்கள், பெயர்ப்பட்டியலை இப்போதே எழுதத் தொடங்குவோம்.